நீலவொளி தரும் சேதனச் சேர்வைகள்

1987ஆம் ஆண்டிலே கொடாக் நிறுவனத்து அறிஞராகிய தாங், வான் சிலைக் என்போர் மெல்லிய சேதனப் படலங்களாலான ஒளிகாலும் இருவாயியை உலகுக்கு அறிவித்தனர். அது பச்சையொளி தந்தது. நீலமோ இன்றளவும் இடர்தருவதாயுள்ளது. யாது காரணம்?

மின்னேற்றங்கள் கூடுங்கால் அருட்டப்பட்ட நிலைகள் தோன்றும். அவற்றுள் நான்கில் ஒன்றே இயல்பாக ஒளியாகும். ஏனைய மூன்றும் வெப்பமாய்க் கழியும். நான்கு கூடைக் கொழுந்தில் ஒன்றே தொழிற்சாலை சேர்வது போலாம். இரிடியச் சேர்வைகள் அம்மூன்றையும் ஒளியாக்க வல்லன. ஆயினும், நீலத்துக்குரிய சத்தி பச்சையினும் சிவப்பினும் மிகுதி. அது நெடிது தங்கின் மூலக்கூற்றின் பிணைப்பையே முறிக்கும். 2012இல் யப்பானியப் பேராசிரியர் அடாச்சி குழுவினர், பார உலோகமின்றி, சூழல் வெப்பத்தாலேயே அவற்றை ஒளிநிலைக்கு உயர்த்தும் வழி காட்டினர். இலண்டன் புரூணல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபதி கதிர்காமநாதன் இத்துறையில் உழைத்த தமிழர்.

அட்டன், நுவரெலியா மாணவரும் இரசாயனத்தை விரும்பிக் கற்பாராக. நீலத்தின் ஆயுளை நீட்டும் பணி இன்னும் முடிந்திலது.