கொடுக்கத் தெரிந்த நாம் கேட்கவும் கற்போம்!

 

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில், மார்க்கபந்தீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற விரிஞ்சிபுரத்தை நீங்கள் அறிவீர்கள். அதற்குக் கிழக்கே மேல்விஷாரம். மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலால் வளர்ந்த ஊர்கள். இவ்வூர்களில் தோல் வணிகர்கள் ஈட்டிய பொருளில் ஒரு பகுதி பள்ளிவாசல்களாயிற்று, மதரஸாக்களாயிற்று, கல்லூரிகளாயிற்று. கொடுப்பதில் இம்மண்ணின் முஸ்லிம்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு பிணிக்காக நாம் கொடுத்ததும் குறைவு. பிறரிடம் சென்று கேட்டதும் குறைவு. அதுதான் மனநோய்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை டேனரியில் வேலை. பத்தொன்பது வயது மகள் கம்பெனி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குச் சென்று வந்தவள். சில மாதங்களாக அவளுக்கு உறக்கமில்லை, எவருடனும் பேச்சில்லை, காதில் யாரோ ஏசுவதாகச் சொல்லி அழுகிறாள். கண்ணேறு என்கிறார் பாட்டி. ஜின் என்கிறார் மாமி. தாயத்து கட்டியாயிற்று, ஓதிப் பார்த்தாயிற்று. "டாக்டரிடம் காட்டுவோமே" என்று தந்தை வாய் திறந்தால், "நாலு பேர் கண்ணில் பட்டால் நாளைக்கு இவளுக்கு எந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவார்கள்?" என்று தாய் வாயடைக்கிறார். இக்குடும்பம் கற்பனையே. ஆனால் இதுபோன்ற ஒரு வீடு உங்கள் மஹல்லாவில் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல உங்களால் இயலுமா?

எண்ணியபோது வெளிப்பட்ட உண்மை

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறையினர் ஓர் அரிய பணியைச் செய்தனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அவ்வட்டாரத்தில் ஒவ்வொரு மரணத்தையும் நலப் பணியாளர்கள் கேட்டறிந்து, அதன் காரணத்தை மருத்துவர்கள் ஆராய்ந்து பதிவு செய்தனர். 1992 முதல் 2001 வரையிலான அப்பதிவுகள் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தபோது உலகமே திடுக்கிட்டது. பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 148 பேரும், ஆண்களில் 58 பேரும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டிருந்தனர். அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வாறு நேர்ந்தவை.

அதற்கு முன்பும் அப்பிள்ளைகள் மாண்டுகொண்டுதான் இருந்தனர். ஆனால் வெட்கமும் போலீசு வழக்குக்கான அச்சமும் சேர்ந்து உண்மையை மூடின. வீடு வீடாகச் சென்று எண்ணிய பிறகே அது கண்ணுக்குப் புலப்பட்டது. உதவி கேட்கும் கலைக்கு இதுவே முதற்பாடம். எண்ணப்படாத துயரத்துக்கு எவரும் பொருளுதவி செய்வதில்லை.

கேட்கத் தெரிந்த ஒரு பெண்மணி

அந்த மருத்துவக் கல்லூரி தோன்றிய வரலாற்றை நினைவுகூருங்கள். அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி வேண்டினர். அவர்களில் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவரல்லர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரிழந்திருந்தனர்.

பின்னர் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். பெண்களுக்கான மருத்துவமனைக்குப் பொருள் திரட்ட முற்பட்டபோது, நியூயார்க்கின் ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அதனால் 1902இல் வேலூரில் எழுந்ததே மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. இன்ன ஊரில், இன்ன குறையால், இத்தனை உயிர் போயிற்று. இன்னதைச் செய்தால் இனிப் போகாது என்று சொல்ல அவரால் முடிந்தது. இன்றும் அறக்கட்டளைகள் எதிர்பார்ப்பது இந்தத் தெளிவையே.

பாகாயமும் ஏர்வாடியும்

மனநோயாளிகளுக்கு என்ன செய்வதென்று கேட்டால், நம்மில் பலர் உடனே "ஒரு விடுதி கட்டுவோம்" என்பர். சற்றுப் பொறுங்கள்.

அதே மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு, வேலூர் பாகாயத்தில் 1950களின் பிற்பகுதியில் உருவாயிற்று. நோயாளியைத் தனியே பூட்டிவைக்காமல், குடும்பத்தினர் உடன் தங்கிக் கவனிக்கும் முறையை அது தொடக்கத்திலேயே கைக்கொண்டது. நோயை அறிந்த தாயும் சகோதரனும் வீடு திரும்பிய பின் மருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வர் என்பதே அதன் உட்பொருள்.

ஏர்வாடியில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், வைகறைக்கு முன், தனியார் நடத்திய மனநோயாளி விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பதிவின்றி மனநல விடுதி நடத்துவதையும் தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதச் சொல்கிறது.

ஆகவே உங்கள் ஜமாஅத் முதலில் கேட்க வேண்டியது கட்டடத்துக்கு அன்று. விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூர் சென்று, அங்கிருந்து பாகாயம் பேருந்து ஏறும் செலவு, உடன் செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலி, மாதந்தோறும் மருந்து, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நலம் விசாரிக்கப் பயிற்சி பெற்ற இரு பெண்கள். இவற்றுக்குக் கேளுங்கள்.

இத்தகைய வீட்டுப் பணி பயன் தருமா? லண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயுற்ற 282 பேர் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்க்கு அதனுடன் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரின் உதவியும். 2014இல் வெளியான முடிவுகள் மிகையின்றிச் சொல்லின, முன்னேற்றம் சிறிதளவே என்று. எனினும் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில் பலன் தெளிவாகத் தெரிந்தது. தமிழகப் பணியில் பங்கேற்ற 'ஸ்கார்ஃப்' நிறுவனம், டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கியது.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

நிதி வழங்கும் நிறுவனங்கள் பொதுவாக ஐந்து வினாக்களுக்கு விடை தேடுகின்றன.

தேவை என்ன? "எம் ஊரில் மனநோய் பெருகிவிட்டது" என்பது விடையாகாது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மனநலக் குறையுற்றிருப்பதாகக் கண்டது. அதை ஒரு வரியில் குறித்துவிட்டு, உங்கள் மஹல்லாவில் எத்தனை வீடுகள், எத்தனை பேர் சிகிச்சையில் உள்ளனர், எத்தனை பேர் இடையில் நிறுத்தினர், ஏன் நிறுத்தினர் என்று எழுதுங்கள். பெயர்கள் வேண்டா, எண்ணிக்கை போதும். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள். அதை நூறாக்குவது பொய்.

என்ன செய்யப் போகிறீர்கள்? மாதவாரியாக எழுதுங்கள். எவர் செய்வார், எந்த மருத்துவர் மேற்பார்வையிடுவார் என்பதும் இருக்கட்டும்.

பலனை எப்படி அறிவீர்கள்? "விழிப்புணர்வு ஏற்படும்" என்று முடிக்காதீர்கள். ஆறு மாதம் விடாமல் மருந்து உட்கொண்டவர் எத்தனை பேர், வேலைக்குத் திரும்பியவர் எத்தனை பேர் என்பவை அளக்கக் கூடியவை.

செலவு எவ்வளவு? மொத்தமாகப் பத்து இலட்சம் என்று போடுவது கணக்காகாது. பேருந்துக் கட்டணம், மருந்து, ஊதியம், தணிக்கைக் கட்டணம் என்று பிரித்துக் காட்டுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உதவி நின்ற பின் என்ன? ஷூ கம்பெனி உரிமையாளர்களும் ஜமாஅத்தும் எதை ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி எழுதுங்கள்.

சட்டத்தின் வாயில்கள்

அமைப்பு, அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகியிருக்க வேண்டும். பான் எண்ணும், '12ஏ', '80ஜி' என்று மக்கள் வழக்கில் வழங்கும் வருமான வரிப் பதிவுகளும், நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' பதிவும் தேவைப்படும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் அதில் அடங்கும். அந்நிதியைப் பெற 'சி.எஸ்.ஆர்-1' என்ற படிவத்தைத் தாக்கல் செய்திருத்தல் அவசியம். மும்பையில் 2015இல் தோன்றிய மரிவாலா மனநல அமைப்பு போல, மனநலப் பணிக்கென்றே நிதி வழங்கும் இந்திய நிறுவனங்களும் உண்டு.

வெளிநாட்டு நிதியில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மைய அரசின் உள்துறை அனுமதியின்றி அதைப் பெறுவது குற்றம். 2020ஆம் ஆண்டுத் திருத்தப்படி, நிர்வாகச் செலவு இருபது விழுக்காட்டைத் தாண்டலாகாது. பெற்ற நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. ஆனால் வளைகுடாவில் உழைக்கும் உங்கள் மகன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை அந்நிய நிதியாகக் கருதப்படுவதில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தந்தாலோ நிலை வேறு. தணிக்கையாளரைக் கலந்தே செயற்படுங்கள்.

ஆராய்ச்சி என்றால்

ஆராய்ச்சி நிதியை ஒரு மஹல்லா தனித்துப் பெறுவது அரிது. அது மருத்துவக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் கேட்டுப் பெறுவது. ஆனால் அவர்களுக்கு எளிதில் கிட்டாத ஒன்று உங்களிடம் உள்ளது. ஊராரின் நம்பிக்கைதான் அது. பர்தாவுக்குள் இருக்கும் ஒரு தாய், வெளியூர் ஆய்வாளரிடம் சொல்லாததை உங்கள் தெருப் பெண்மணியிடம் சொல்வார்.

அந்த நம்பிக்கை அமானிதம். ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலில்லாத ஆய்வுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடாதீர்கள். பங்கேற்பவருக்கு அவர் அறிந்த மொழியில், உருதுவாயினும் தமிழாயினும், எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். மறுக்கவும் இடையில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. அதனால் அவருடைய சிகிச்சை பாதிக்கப்படலாகாது. நோயுற்றவரின் படத்தை நிதி திரட்டும் துண்டறிக்கையில் அச்சிடுவது பெரும் பாவம்.

முன்னோர் காட்டிய வழி

இது நமக்குப் புதிதன்று. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையும், 1488இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் நிறுவியதும் மனநோயாளிகளுக்கும் இடமளித்தன. இரண்டும் வக்ஃபு வருமானத்தால் நடந்தவை. வக்ஃபுப் பத்திரம் என்பதுதான் என்ன? எந்நோக்கத்துக்கு, எவர் பொறுப்பில், எவ்வாறு செலவிடுவது என்று எழுதிவைத்த ஆவணமே அல்லவா?

ஏழை நோயாளியின் கையில் மருந்துக்காக ஜகாத்தைச் சேர்க்கலாம். பணியாளர் ஊதியம், ஆய்வு போன்றவற்றுக்கு எந்நிதி ஆகும் என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டறிந்து, ஸதகா நிதியைத் தனிக் கணக்காக வையுங்கள்.

முதல் விண்ணப்பம் திரும்பி வரலாம். சோர்வடையாமல் காரணம் கேட்டுத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள். அதுவரை அந்தப் பெண் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணமின்றி இரவும் பகலும் பேச உதவும் அரசின் 'டெலி மானஸ்' எண் 14416ஐப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இன்றே எழுதிவையுங்கள்.

பிறருக்காகக் கேட்கும் கரம் தாழ்ந்த கரமன்று. மூடிய கதவுகளுக்குப் பின்னால் தவிக்கும் நம் பிள்ளைகளுக்காக உண்மையைச் சொல்லிக் கேட்கவும், கேட்டுப் பெற்றதற்குக் கணக்குக் காட்டவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.