கடைசியாகப் பார்த்த இடம்

பெங்களூருக்குக் கடல் கிடையாது. அலையைப் பார்க்க ஆசை வந்தால் ராத்திரி பஸ் ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அண்டார்டிகாவில் மூழ்கிய கப்பலைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் இதுவும் தென்துருவத்துக்குக் கலம் அனுப்பிய ஊர். அந்தத் துருவம் நிலவில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 இலிருந்து பிரிந்து, பக்கங்களில் மூவர்ணக் கொடியைத் தாங்கிப் போன சிறு பெட்டி ஒன்று நிலவின் தென்துருவத்தருகே மோதி விழுந்தது. பக்கத்திலிருந்த பெரிய பள்ளத்தின் பெயர் ஷாக்கிள்டன்.

எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். அண்டார்டிகாவைக் குறுக்கே நடந்து கடக்கும் எண்ணத்தோடு 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து எண்டூரன்ஸ் கப்பலில் 28 பேர் கிளம்பினார்கள். ஜனவரியில் வெட்டல் கடலின் பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. பத்து மாதம் பிடித்த பிடியை விடாமல் நெரித்தது. 1915 நவம்பர் 21 அன்று கப்பல் உள்ளே போயிற்று. பனித்திட்டுகளில் மாதக்கணக்கில் கிடந்து, திறந்த படகில் 1,300 கிலோமீட்டர் கடல் தாண்டி உதவி கேட்டு, கடைசியில் அந்த 28 பேருமே உயிரோடு திரும்பினார்கள். இந்தக் கதைக்கு ரசிகர்கள் ஏராளம். நிர்வாக வகுப்புகளில் ஷாக்கிள்டனைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாகக் காட்டிக் காட்டி அவரைக் கொஞ்சம் சலிக்கவும் வைத்துவிட்டார்கள். என் மனம் போவது கப்பலின் கேப்டன் பிராங்க் வோர்ஸ்லியிடம்.

கப்பல் மூழ்கிய அன்று வானம் மூடியிருந்தது. மறுநாள் சூரியன் தெரிந்ததும் வோர்ஸ்லி செக்ஸ்டன்டை எடுத்து உயரம் பார்த்து, பனி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணித்து, எழுதி வைத்தார்: தெற்கு 68 பாகை 39 நிமிடம் 30 விநாடி, மேற்கு 52 பாகை 26 நிமிடம் 30 விநாடி. அட்சரேகையைச் சூரியன் சொல்லிவிடும். தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். அந்த இடத்தில் கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினால் கணக்கு சுமார் 10 கிலோமீட்டர் தப்பும். ஓராண்டாக எந்தத் துறைமுகத்தையும் பார்க்காத கப்பல் கடிகாரம் எப்படிச் சரியாக ஓடும்?

அதைத் திருத்த அவர்கள் நிலவைப் பிடித்தார்கள். குளிர்கால இருட்டில் வோர்ஸ்லியும் இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் நட்சத்திரங்கள் நிலவுக்குப் பின்னால் மறையும் கணத்தைப் பார்த்துக் குறித்தார்கள். ரோகிணியைச் சந்திரன் மறைக்கும் நேரத்தைக் கணிக்கும் பஞ்சாங்கக்காரருக்கு இது புரியும். எந்த நட்சத்திரம் எப்போது மறையும் என்று முன்கூட்டியே தெரியும். மறையும்போது கையிலுள்ள கடிகாரம் என்ன காட்டுகிறது என்று பார்த்தால் அதன் பிழை பிடிபட்டுவிடும். அன்றைய சந்திரக் கணிப்பிலேயே சிறு பிழை இருந்தது என்பது வேறு விஷயம். லார்ஸ் பெர்க்மன், ராபின் ஸ்டூவர்ட் என்ற இருவர் அந்தப் பழைய குறிப்புகளை எடுத்து, இன்றைய துல்லியமான சந்திர நிலைகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊறிய துணியும் பசித்த வயிறுமாக எழுதிய எண்கள் நூறு வருடம் கழித்தும் சரிபார்க்கும் நிலையில் இருந்தன. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

2019இல் தேடப் போனவர்கள் பனிக்கடியில் தங்கள் தானியங்கி நீர்மூழ்கியையே தொலைத்துவிட்டு வந்தார்கள். 2022இல் தென்னாப்பிரிக்காவின் அகுல்ஹாஸ்-2 என்ற பனி உடைக்கும் கப்பலில் மறுபடி போனார்கள். இம்முறை நீர்மூழ்கியைக் கம்பி கட்டி இறக்கினார்கள். மாடு தொலைத்தவன் அடுத்த மாட்டுக்குக் கயிறு போடாமல் விடுவானா? மார்ச் 5 அன்று 3,008 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் தெரிந்தது. தெற்கு ஜார்ஜியாவில் ஷாக்கிள்டனை அடக்கம் செய்து சரியாக நூறு வருடம் ஆன நாள் அது. வோர்ஸ்லி எழுதிய இடத்திலிருந்து சில மைல் தெற்கே கிடந்தது. பின்புறத்தில் பெயர் எழுத்தெழுத்தாக இருந்தது, அதன் கீழே ஐந்துமுனை நட்சத்திரம். மரமே முளைக்காத கண்டம் அது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுவுக்கு அந்தத் தண்ணீரில் வேலை இல்லை. அதனால் பலகைகள் அப்படியே கிடக்கின்றன. அண்டார்டிக் ஒப்பந்தப்படி வரலாற்றுச் சின்னம் என்பதால், யாரும் எதையும் தொடவில்லை, படம் மட்டும் எடுத்தார்கள்.

இனி பெங்களூரின் தொலைந்த கலங்கள்.

2009 ஆகஸ்ட் 29 அதிகாலை, பீன்யாவின் பட்டறைகளுக்கு நடுவேயுள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்துக்கும் ஊருக்கு வெளியே பையலாலு ஆண்டெனாவுக்கும் சந்திரயான்-1 பேசுவதை நிறுத்தியது. இரண்டு வருடம் ஓட வேண்டிய கலம் 312 நாளில் ஊமையாயிற்று. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர், ஓர் ஆட்டோவைவிடச் சிறிய பெட்டி. நிலவின் ஈர்ப்போ எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. வெட்டல் கடலின் பனி கப்பலை இழுத்துப் போன மாதிரி, அது கலத்தை வருடக்கணக்கில் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் இதில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். சந்திரயான் துருவங்களின் மேலாகச் சுற்றும் கலம். எங்கே நழுவியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் துருவத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? எனவே 2016 ஜூலையில் கலிபோர்னியாவின் 70 மீட்டர் ஆண்டெனாவிலிருந்து நிலவின் வடதுருவத்துக்கு 160 கிலோமீட்டர் மேலே ரேடார் கதிரைப் பாய்ச்சிவிட்டுக் காத்திருந்தார்கள், ஆற்றின் குறுக்கே வலை கட்டிக் காத்திருப்பது போல. நான்கு மணி நேரத்தில் ஏதோ ஒன்று இரண்டு முறை கடந்தது. இடைவெளி சந்திரயானின் சுற்றுநேரத்தோடு பொருந்தியது. 2009 கணக்கு சொன்ன இடத்திலிருந்து கலம் கிட்டத்தட்ட அரைச் சுற்று தள்ளி இருந்தது. ஆனால் பாதையின் வடிவமும் சாய்வும் எதிர்பார்த்தபடியே இருந்தன. 2017 மார்ச்சில் செய்தி வந்தபோது பெங்களூர்க்காரர்கள், காணாமல் போன பிள்ளை பக்கத்துத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்ததைக் கேட்டதுபோல ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார்கள்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை நிலவில் இறங்கும்போது விழுந்த சந்திரயான்-2இன் விக்ரம் கலத்தைக் கண்டுபிடித்த கதை இன்னும் நெருக்கமானது. நிலவைச் சுற்றும் தன் கலம் எடுத்த படங்களை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்தது. சென்னையில் பொறியாளராக வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன், விழுவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி அவர் கண்ணில் பட்டது. அதை வைத்து நாசா குழுவினர் தேடி, மோதிய இடத்தையும் சிதறல்களையும் உறுதி செய்து, டிசம்பரில் அவர் பெயரோடு அறிவித்தார்கள். அவருக்கு ஆண்டெனாவும் இல்லை, கப்பலும் இல்லை. படம் திறந்திருந்தது, பொறுமை இருந்தது.

சரி, எண்டூரன்ஸ் கிடப்பது தெற்கு 68 பாகை 44 நிமிடத்தில். முதல் விக்ரம் விழுந்தது நிலவின் தெற்கு 71 பாகைக்குச் சற்றுக் குறைவில். 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கிய இரண்டாவது விக்ரம் நிற்பது தெற்கு 69 பாகை 22 நிமிடத்தில். யாரும் திட்டமிடவில்லை, வெறும் தற்செயல். ஆனாலும் இரண்டு உலகங்களின் வரைபடங்களை அருகருகே விரித்து மூன்று புள்ளிகளையும் வைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த இரண்டாவது விக்ரம் தன் தலையில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிரதிபலிப்பானைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. எட்டுப் பட்டகங்கள், மின்சாரம் தேவையில்லை, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். 2023 டிசம்பர் 12 அன்று 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து நாசா கலம் அதன்மேல் லேசரை வீசியது. விக்ரம் தூங்கிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பதில் வந்தது.