முதுகு போடும் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டையை லோடுமேன் தானே குனிந்து தூக்குவதில்லை. லாரி மேல் நிற்கும் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தள்ளிக் கொடுக்க, கீழே முதுகைக் காட்டி நிற்பவர் வாங்கிக்கொள்கிறார். தலையில் சும்மாடாகச் சுற்றிய துண்டு. மூட்டை பிடரியில் உட்கார்ந்ததும் ஓரடி முன்னே வைத்து நிதானம் பார்த்துக்கொண்டு நடக்கிறார். நாளெல்லாம் இப்படிச் சுமந்தவர், சாயங்காலம் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்து, "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று அப்படியே உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

மூட்டையைத் தாங்கிய முதுகு சாவிக்கு மடங்குவது ஏன்?

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதுவும் மூட்டுக்கு மிக அருகில் எலும்பைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்கும். முழங்கையை மடக்கும் தசை முன்கை எலும்பில் ஒட்டியிருப்பது மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளி. உள்ளங்கையோ 35 செ.மீ. அப்பால். கையில் 5 கிலோ இருந்தால் தசை 40 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். நஷ்ட வியாபாரம்தான். ஆனால் அந்தத் தசை ஒரு செ.மீ. சுருங்கினால் கை ஏழெட்டு செ.மீ. நகர்ந்துவிடும். பலத்தில் விட்டதை வேகத்தில் பிடிக்கிற அமைப்பு இது. கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள். கல்லைக் கல்லால் அடித்துச் சில்லு பெயர்க்க, வேகமாக வீசும் கைதான் தோது. வார்ப்பு இரும்பை நாளெல்லாம் தூக்கிப்போட அது அமைந்ததாகத் தெரியவில்லை.

கீழ்முதுகிலும் இதே கதை, இன்னும் மோசமாக. முதுகை நிமிர்த்தும் தசைகள், முதுகெலும்புத் தட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் இருக்கின்றன. 20 கிலோ இரும்பை 40 செ.மீ. முன்னால் பிடித்தால், அதற்கு மட்டும் அவை 160 கிலோ இழுக்க வேண்டும். குனிந்த மேலுடம்புக்கும் எடை உண்டே. அதை 30 கிலோ என்றும், அதன் எடை மையம் 25 செ.மீ. முன்னால் என்றும் வைத்துக்கொண்டால் இன்னொரு 150 கிலோ. அதாவது, வெறுங்கையோடு சாவிக்குக் குனிந்தாலே 150 கிலோ.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு, 45 வயதுள்ள ஒருவரின் கீழ்முதுகில் உள்ள எல்4–எல்5 தட்டுக்குள்ளேயே உணர்கருவியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து 1999-இல் வெளியிட்டது. நிமிர்ந்து நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1. அதே 20 கிலோவை மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 1.8. முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3, கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு. எடை கூடவே இல்லை. கூடியது தூரமும் வளைவும்தான்.

எல்4–எல்5 என்பது இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல; ஸ்கேன் எடுத்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். "ஜவ்வு விலகிடுச்சு" என்பதும் இந்தத் தட்டைப் பற்றித்தான். தட்டின் நடுவில் நீர் நிறைந்த கூழ். சுற்றிலும் அடுக்கடுக்காக நார். ஓர் அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம். உடம்பைத் திருகும்போது ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் மட்டுமே இறுகும், மற்றவை தொய்ந்துவிடும். ஆகவே குனிந்தபடியே திரும்பி வைப்பதுதான் பொல்லாதது. ஸ்கிராப் பொறுக்கிப் பக்கத்துக் கூடையில் போடும் வேலை முழுக்க அதுதான்.

இன்னொன்றும் உண்டு. படுத்திருக்கும்போது தட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. விடிந்ததும் நாம் ஒன்று, ஒன்றரை செ.மீ. உயரமாக இருப்பது அதனால்தான். அந்த உப்பலில் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். அதற்குள் குனிந்தால் நார்களில் இழுவிசை மிக அதிகம். விடிந்தும் விடியாமலும் எழுந்து முதல் ஷிஃப்டுக்கு வருகிறவர், வந்த வேகத்தில் கனத்தில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

சும்மாடு வைத்தவர் இந்தச் சிக்கலின் பெரும்பகுதியிலிருந்து தப்பிக்கிறார். சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கும்வரை நெம்புகோலுக்கு வேலையில்லை. கென்யப் பெண்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் சுமந்து நடந்தபோது கூடுதல் ஆக்சிஜனே செலவாகவில்லை என்று 1986-இல் ஓர் ஆய்வு காட்டியது. 50 கிலோ அந்தக் கணக்கில் வராது. கழுத்தெலும்பு அதற்கு விலை கொடுக்கிறது.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967 பரிந்துரை, ஆணுக்கு 55 கிலோ என்று உச்சவரம்பு வைத்தது. எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்ற கேள்வி அந்த 55-இல் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், தூக்கும் எடைக்கென 1991-இல் திருத்திய சூத்திரத்தில் அது இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான். அதுவும் கணுக்கால்களின் நடுவிலிருந்து 25 செ.மீ.க்குள் இருந்தால். 50 செ.மீ. என்றால் 11.5 கிலோ. இடுப்பு பெல்ட் கட்டினால் தப்பிக்கலாமா? நல்ல முதுகை அது காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதே நிறுவனம் 1994-இல் சொல்லிவிட்டது. பெல்ட்டை வாங்கும் காசில் பொருளை இடுப்பு உயரத்தில் வைக்க ஒரு மேடை போடலாம்.

ஜவ்வு விலகியவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் வலி தணிகிறது. தட்டிலிருந்து பிதுங்கிய பகுதி தானே சுருங்குவதும் உண்டு. மாதக்கணக்கில் படுக்கத் தேவையில்லை, முடிந்த அளவு நடமாடுவதே மேல். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதில் கோளாறு வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கனம் தூக்காத அந்தச் சில வாரங்களுக்கு மாற்று வேலை தருவது யார் என்பதைத்தான் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.