டாக்டருக்கும் ஆதாரம் வேண்டும்

விக்கிப்பீடியாவின் பெரும்பாலான மருத்துவக் கட்டுரைகளில் ‘தொகு’ பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். எழுதியது அங்கே நிலைக்குமா என்பது வேறு விஷயம். அதை முடிவு செய்வது எழுதியவரின் பட்டம் அல்ல, அவர் காட்டும் ஆதாரம். இருபது வருடம் பிராக்டீஸ் செய்த டாக்டருக்குக்கூட, ‘என் அனுபவத்தில் பார்த்தது’ என்று ஒரு வரி சேர்க்க அனுமதி கிடையாது. புதிதாக வரும் மருத்துவர்களுக்கு முதலில் உறுத்துவது இதுதான்.

எந்த ஆதாரம் செல்லும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி விதிமுறை உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் ரிவ்யூ கட்டுரைகள், மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்கள், தரமான பாடநூல்கள் ஆகியவைதான் பொதுவாகக் கணக்கில் வரும். ரிவ்யூ என்றால் கூடியவரை கடந்த ஐந்தாண்டுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். எலியை வைத்துச் செய்த சோதனையும் நாளிதழ்ச் செய்தியும் சிகிச்சையின் பலனுக்குச் சாட்சி ஆகாது.

டெங்கு கட்டுரையில் ஒருவர், ‘பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களைக் கூட்டும்’ என்று எழுதி, சில பேரை மட்டும் வைத்துச் செய்த ஓர் ஆய்வை அடிக்குறிப்பில் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி வெகுநேரம் தாங்காது. வேறொரு தொகுப்பாளர் அதை நீக்கி, காரணத்தை ஒற்றை வரியில் பதிந்துவிட்டுப் போவார். நீக்கப்பட்டதும் காரணமும் ‘வரலாறு’ பக்கத்தில் அப்படியே கிடக்கும். எழுதியவர் மறுபடியும் அதையே ஒட்டிவிட்டு மல்லுக்கு நிற்கக் கூடாது. உரையாடல் பக்கத்துக்குப் போய் வாதாட வேண்டும். கற்றுக்கொள்ள வருபவருக்கு அந்தப் பக்கத்தைவிட நல்ல வகுப்பு இல்லை. எழுதிப் பழகுவதற்கோ, யாருக்கும் தொந்தரவில்லாத மணல்தொட்டி இருக்கிறது.

அடுத்த சங்கடம் அமைப்பும் மொழியும். அறிகுறி, காரணம், நோயறிதல், தடுப்பு, சிகிச்சை என்று பகுதிகளுக்கு ஒரு வரிசை உண்டு. மருந்தின் அளவை, அதாவது எத்தனை மில்லிகிராம் என்பதை, பொதுவாக எழுதுவதில்லை. படிப்பவர் அதைப் பார்த்துத் தானே மருந்து சாப்பிட்டுவிடக் கூடாது. முன்னுரை சாதாரண ஆளுக்கும் புரிய வேண்டும். ‘டெங்குவில் ரத்தக்கசிவு அபாயத்தால் ஆஸ்பிரின் தவிர்க்கப்படுகிறது’ என்ற எளிய வரியை எழுத, ஐந்து வருடம் கலைச்சொல்லிலேயே பேசிப் பழகியவர் கொஞ்சம் திணறித்தான் போவார்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 2013இல் விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்துவதையே ஒரு மாத விருப்பப் பாடமாக இறுதியாண்டு மாணவர்களுக்கு வைத்தது. 2015 வரை 43 பேர் படித்தார்கள், ஆளுக்கொரு கட்டுரை. மொத்தம் 1,528 திருத்தங்கள். தரம் குறைந்த ஆதாரங்களை எடுத்துவிட்டு நல்லவற்றைச் சேர்த்ததில் நிகரமாகக் கூடியவை 274. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைக்கும் எளிமையாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்துக்கும் நடுவே மாணவர்கள் இழுபட்டது அவர்களைப் பற்றிய ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. அவர்கள் திருத்திய மாதங்களில் மட்டும் அந்தக் கட்டுரைகள் 11 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன. கல்லூரித் தேர்வுத்தாளையோ, திருத்துபவர் ஒருவர்தான் படிப்பார்.

டெங்கு கட்டுரை இன்னொரு படி மேலே போனது. கனடா நாட்டு அவசர சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஹைல்மனும் மற்றவர்களும் செப்பனிட்ட அதன் வடிவம், வல்லுநர் மதிப்பீட்டைத் தாண்டி, 2014இல் ‘ஓபன் மெடிசின்’ ஆய்விதழில் வெளியானது. இதழில் அச்சான பிறகும் விக்கிப்பீடியா பக்கத்தின் ‘தொகு’ பொத்தானை யாரும் எடுத்துவிடவில்லை. அதனால்தான் தேறிய தொகுப்பாளர்கள் தாம் தொட்ட கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுவைக்கிறார்கள். ராத்திரியில் யாராவது கைவைத்தால், காலையில் அது பட்டியலின் மேலே வந்து நிற்கும்.