மலர்ப் பள்ளத்தாக்கில் ஒரு பென்ஷன்காரர்

ஓய்வு பெற்றால் காசிக்குப் போவார்கள். நானும் என் சகதர்மிணியும் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போனோம். ரிஷிகேஷ், ஜோஷிமட் வழியாகக் கோவிந்தகாட் வரை பஸ். பிறகு சிறிது தூரம் ஜீப். அப்புறம் காங்கரியா வரை நடை அல்லது மட்டக்குதிரை.

ரயில்வே புத்தி போகுமா? கணக்குப் போட்டேன். கோவிந்தகாட்டிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் உயரம். அதாவது 11-க்கு 1 ஏற்றம்! நம் நீலகிரி மலை ரயிலின் கடும் ஏற்றமே ஏறக்குறைய 12-க்கு 1தான்; அதற்கே பல்சக்கரம் தேவை. "பல் இருக்கிறவர்களுக்குத்தான் பல்சக்கரம், உங்களுக்குக் குதிரைதான்" என்றாள் அவள்.

பூங்காவுக்குள் குதிரை கிடையாது, நடைதான். 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழுவினர் கண்ட இடம் இது. 1982-இல் தேசியப் பூங்காவானது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இத்தனை பூக்களும் ஏன் ஒரே சமயத்தில் பூக்கின்றன? ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே பனி மூடிக் கிடக்கும். பனி உருகி, மறுபனி விழுவதற்குள் செடி தழைத்து, பூத்து, வண்டை வரவழைத்து, விதையும் போட்டாக வேண்டும். கிடைப்பதோ சில மாதங்கள்!

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை போவது உத்தமம். மழைக்கோட்டு அவசியம். மண்சரிவில் சாலை அடைபடலாம். இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரவு தங்க அனுமதியில்லை.

"பெண் கல்யாணம் முடியட்டும், பேரன் பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடும் அன்பர்களே, பூவும் காத்திராது, முழங்காலும் காத்திராது!