வார்டு எல்லை: வரைவிலேயே ஆட்சேபியுங்கள்

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் போதும், "எங்க தெருவைத் தூக்கி அடுத்த வார்டுல போட்டுட்டாங்க" என்று மறியல், கறுப்புக்கொடி. வார்டு மறுவரையறை வரைவு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நாட்களில் அதே தெருவிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எல்லைக்கோட்டை வளைத்துத் தேர்தலை வெல்லும் வித்தை 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலேயே அம்பலமானது. செய்முறை இரண்டுதான்: எதிர்த்தரப்பு வாக்குகளைப் பல தொகுதிகளில் சிதறடிப்பது, அல்லது ஒன்றிலேயே அடைத்துவிடுவது.

அதிகாரிகளின் அலட்சியமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019இல் புதிதாகப் பிரித்த மாவட்டங்களுக்கு முறையான மறுவரையறை இல்லாமலே தேர்தலுக்குக் கிளம்பினார்கள். உச்ச நீதிமன்றம் 9 மாவட்டங்களில் தேர்தலை நிறுத்திவைத்தது. அந்தக் கிராமங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 243ஓ, 243இசட்ஜி பிரிவுகள் உள்ளாட்சி மறுவரையறைச் சட்டங்களை வழக்கிலிருந்து காக்கின்றன. அப்பட்டமான தன்னிச்சை இருந்தால் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது. ஆனால் அதை நிரூபிக்க உங்கள் கையில் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம்தான் ஆட்சேபனை மனு. வரைவு வந்ததும் ஊராட்சி, ஒன்றிய, நகராட்சி அலுவலகங்களில் கேளுங்கள். எல்லை விவரத்தையும் மக்கள்தொகைப் பட்டியலையும் படமெடுங்கள். வார்டுகளுக்கிடையே மக்கள்தொகை ஏறத்தாழ சமமா? ஒரே தெரு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? ஆறு, ரயில்பாதை தாண்டி ஒரு துண்டை ஒட்டவைத்திருக்கிறார்களா? பாருங்கள்.

மனுவை அறிவிப்பில் குறித்த அதிகாரிக்கே எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மாநில மறுவரையறை ஆணையத்துக்கும் நகல் அனுப்புங்கள். வார்டு எண், தெருப் பெயர்கள், மக்கள்தொகை எண்ணிக்கை, நீங்கள் கேட்கும் மாற்று எல்லை, கையால் வரைந்த படம் என எல்லாம் இருக்கட்டும். "அநியாயம்" என்று மட்டும் எழுதிய மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

நேரில் கொடுத்தால் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். "அப்புறம் வாங்க" என்பார்கள், கேட்காதீர்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் விவரம் கேட்டுவிட்டு மனு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபனைக் கெடு அதற்குள் முடிந்துவிடலாம்.

28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த வரைவு எப்போது வந்தாலும் முதல் நாளே போய்ப் பாருங்கள். மீண்டும் சொல்கிறேன்: கெடுவுக்குள் கொடுத்த மனுவுக்குத்தான் மதிப்பு. இறுதி அறிவிப்பு அரசிதழில் வந்தபின் போடும் கூச்சலால் ஒரு தெருவும் திரும்பி வராது.