குஞ்சு கீழே கிடக்கா? கொஞ்சம் பொறுங்க!

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிளை முறிந்தால் கூடும் சேர்ந்து கீழே வந்துவிடும். காலையில் தோப்புக்குப் போனால் மைனாக் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கும். "ஐயோ பாவம்" என்று வீட்டுக்குத் தூக்கி வருவோம். பெரும்பாலும் அதுதான் தப்பு.

முதலில் குஞ்சைப் பாருங்க. உடம்பெல்லாம் இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறதா? பறக்கப் பழகுகிறது, அவ்வளவுதான். தாய் பக்கத்தில்தான் இருக்கும். நீங்க நிற்பதால் வராமல் இருக்கலாம். நாய், பூனையை விரட்டி, குஞ்சைப் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு, தள்ளி நின்று கவனியுங்க. இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். கூடு சிதைந்திருந்தால், சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டி, அதில் விடுங்க. மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா பேச்சு.

மயில் சங்கதி வேறு. அது தரையில் முட்டையிடும். குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்திலேயே நடக்கும். தோட்டத்தில் தனியாகக் கண்டால் தாய் புதருக்குள் இருக்கும், விட்டுவிடுங்க. முட்டையை எடுத்து வந்து அடைக்கோழிக்கு வைக்கவே வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நம்மூர்ப் பச்சைக்கிளிக் குஞ்சைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றமே.

ரத்தம், தொங்கும் சிறகு, பூனை கடித்த தடம் இருந்தால் மட்டும் எடுங்க. பூனைக்கடி சின்னதாகத் தெரிந்தாலும் சீழ் பிடித்துவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்க. பால், சோறு ஊட்டாதீங்க. வாயில் தண்ணீரும் ஊற்றாதீங்க. மூச்சுக்குழாயில் இறங்கினால் செத்துப்போகும்.

பிறகு போனை எடுங்க. செல்ஃபிக்கு இல்லைங்க! ஒரே ஒரு படம், கூடவே இருக்கும் இடத்தின் லொகேஷன். இரண்டையும் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்புங்க. காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு. 1962 ஆம்புலன்ஸ் ஆடு, மாடு போன்ற கால்நடைகளுக்கானது. பறவைக்கு வனத்துறையைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அந்தச் சரக அலுவலக எண்ணை இப்பவே கேட்டு வாங்கி போனில் சேமித்து வையுங்க.